பீரோவில் வைத்தால் போதுமா? உரிமத் துப்பாக்கியையும் தோட்டாவையும் வீட்டில் வைத்திருப்பது பற்றி

“மேகசினைக் கழற்றிவிட்டேன், இனி பயமில்லை.” “பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு எட்டாது.” “அப்பா பெயரில் லைசென்ஸ் இருக்கிறது, வீட்டில் யார் எடுத்தாலும் சரிதான்.” உரிமத் துப்பாக்கி உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் இந்த மூன்று பேச்சுமே தவறு. முதலாவது இயந்திரம் தெரியாததால் வருவது. இரண்டாவது பிள்ளைகளைத் தெரியாததால் வருவது. மூன்றாவது சட்டம் தெரியாததால் வருவது.

தமிழ்நாட்டில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் குறைவுதான். பயிரைக் காக்க ஒற்றைக்குழல் வைத்திருக்கும் விவசாயி, மலைத்தோட்ட உரிமையாளர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், ரைஃபிள் கிளப்பில் சுடுபவர், தாத்தா காலத்து இரட்டைக்குழலைப் பெயர் மாற்றி வைத்திருப்பவர் என ஒரு சிறு கூட்டம். கூட்டம் சிறிது என்பதாலேயே, சரியாகச் சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. கேள்விப்பட்டது, சினிமாவில் பார்த்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்வது இவைதான் பாடம். இந்தக் கட்டுரை புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்கும் எழுதப்பட்டது.

## ரேஷன் அட்டையா, ஓட்டுநர் உரிமமா?

ரேஷன் அட்டை குடும்பத்துக்கானது. யார் போய் நின்றாலும் அரிசி வாங்கலாம். ஓட்டுநர் உரிமம் ஆளுக்கானது. அப்பாவிடம் உரிமம் இருக்கிறது என்று மகன் வண்டி ஓட்ட முடியாது. துப்பாக்கி உரிமம் இரண்டாவது வகை. அதிலும் ஒருபடி கடுமையானது. உரிமம் இல்லாதவர் காரை ஓட்டினால்தான் குற்றம், சாவியை வைத்திருப்பது குற்றமில்லை. துப்பாக்கியில், சுட வேண்டியதே இல்லை. உரிமமின்றித் தன் வசம் வைத்திருப்பதே குற்றம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 3-ஆவது பிரிவில் சொல்வது இதைத்தான்: துப்பாக்கியையோ தோட்டாவையோ பெறவும், வைத்திருக்கவும், எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். தோட்டாவும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துப்பாக்கியே இல்லாத வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் வழக்காகலாம்.

‘வசம்’ என்ற சொல்லுக்கு இங்கே தனிப் பொருள் உண்டு. கையில் பிடித்திருப்பது மட்டும் வசம் ஆகாது. ஒரு பொருள் இருப்பது தெரிந்து, அதை எடுக்கவும் விடவும் தனக்கு அதிகாரம் இருந்தால் அதுவே வசம். 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொருள் வேறொருவர் கையில் இருந்தாலும், அறிவும் கட்டுப்பாடும் யாரிடம் என்பதே கேள்வி.

இதைப் பூட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். உரிமதாரர் பெட்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் வெளியூர் போகிறார். துப்பாக்கி அசையாமல் அதே பெட்டியில்தான் கிடக்கிறது. ஆனால் அது இருப்பது மகனுக்குத் தெரியும், எடுக்கும் வழியும் அவர் கையில். அவர் வசத்தில்தான் துப்பாக்கி இருந்தது என்று வாதிட இடம் கிடைத்துவிடுகிறது. நீண்ட நாள் வெளியூர் போகிறவர் சாவியைத் தன்னோடு கொண்டுபோவார், அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். வங்கி லாக்கரில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதமும் வெடிபொருளும் வைக்கக் கூடாது என்று இருக்கும்.

சட்டம் தரும் விலக்கு குறுகியது. உரிமதாரர் உடனிருக்கும்போதோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடோ இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதுவும் பழுதுபார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும்.

சுருக்கமாக: உரிமம் ஓர் ஆளுக்கு. அந்த ஆளைத் தவிர வேறு யார் கைக்கும் எட்டாதபடி வைப்பதுதான் ‘பாதுகாப்பாக வைப்பது’. விண்ணப்பத்தோடு நீங்கள் தரும் பாதுகாப்பு உறுதிமொழியின் பொருளும் அதுவே. ஒளித்து வைப்பது இதில் சேராது.

## கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல்

பழைய பைக்கில் பெட்ரோல் குழாயை மூடிய பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். டேங்க் அடைபட்டது உண்மை. ஆனால் கார்புரேட்டருக்குள் ஏற்கெனவே இறங்கிய பெட்ரோல் அங்கேயே இருக்கிறது. பிஸ்டலில் நடப்பதும் இதேதான். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் டேங்க். சேம்பர் என்பது குழலின் பின்முனையில், சுடப்போகும் ஒரே ஒரு தோட்டா உட்காரும் அறை. மேகசினைக் கழற்றினால் டேங்க் காலி, அவ்வளவுதான். சேம்பரில் ஏறிய தோட்டா தானாக வெளியே வராது. “காலியாக இருந்த துப்பாக்கி வெடித்துவிட்டது” என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் சேம்பரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தோட்டாவையும் கொஞ்சம் புரிந்துகொள்வோம். அது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு பொட்டலம். வெளியே உறை. உறையின் அடியில் ‘கேப்’ என்கிற சிறு மூடி, அடிபட்டால் பொறி கக்கும் மருந்து அதற்குள் இருக்கிறது. உறைக்குள் எரிமருந்து. நுனியில் குண்டு, 12 போர் (‘போர்’ என்பது குழலின் அகல அளவு) தோட்டாவாக இருந்தால் ரவைகள். விசையை இழுத்ததும் ஓர் ஊசி கேப்பைத் தட்டுகிறது, பொறி பறக்கிறது, மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. சேஃப்டி எனப்படும் சிறு பொத்தான் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மறிக்கிறது. பல ரகங்களில் அது விசையை மட்டுமே தடுக்கும், தட்டும் பாகத்தைத் தொடாது. தேய்ந்த பழைய துப்பாக்கி கீழே விழுந்தால் சேஃப்டி போட்டிருந்தும் வெடிக்கலாம். கேஸ் அடுப்பின் திருகை அணைப்பதற்கும் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. சேஃப்டி என்பது அடுப்புத் திருகு. அதைப் பூட்டு என்று எண்ணி வீட்டில் வைக்கக் கூடாது.

உள்ளே வைக்கும் முன் காலி செய்யும் முறை ரகத்துக்கு ரகம் மாறும். எல்லாவற்றுக்கும் பொதுவானது: குழலின் வாய் ஆளில்லாத, குண்டு பட்டாலும் நின்றுவிடக்கூடிய திசையில் இருக்க வேண்டும். மச்சு வீட்டில் மேல்நோக்கிப் பிடிப்பது பாதுகாப்பல்ல, மாடியில் யாராவது இருக்கலாம். விரல் விசையில் இருக்கக் கூடாது. ஆள் நடமாட்டமோ பேச்சோ இல்லாத நேரம் வேண்டும்.

பிஸ்டலில் முதலில் மேகசினை எடுக்க வேண்டும், பிறகுதான் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். வரிசை மாறினால் நடப்பது இது: மேல்பாகத்தை இழுத்ததும் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழுகிறது. விட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறுகிறது. பிறகு மேகசினைக் கழற்றுகிறீர்கள். கையில் ஒரு மேகசின், தரையில் ஒரு தோட்டா, மனத்தில் திருப்தி. சேம்பரில் இன்னொன்று. ஆகவே மேகசினை எடுத்த பின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பார்ப்பது வழக்கம். மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

ரிவால்வரில் தோட்டா உருளையின் அறைகளில் இருக்கும். சில ரகங்களில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரில் குழலே முன்னால் மடங்கித் திறக்கும். எதுவானாலும் எல்லா அறைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும், ஓர் அறையில் தோட்டா ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. இரட்டைக்குழலைத் திறந்து இரண்டு குழலையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மறுமுனை தெரிகிறதா என்று பாருங்கள்.

தனிப் பேச்சு தேவைப்படுவது நாட்டுத் துப்பாக்கிக்கு, அதாவது குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இடிக்கும் ரகத்துக்கு. பலர் கேப்பை எடுத்துவிட்டுச் சுவரில் சாத்திவிடுகிறார்கள். கேப்பை எடுத்தால் பொறி போயிற்று. மருந்தும் ரவையும் குழலுக்குள்தான் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு புதுக் கேப்பை வைத்து “சும்மா” தட்டிப் பார்த்தால் வெடிக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, பின்பக்கம் மூடிய குழல் அது. எளிய உபாயம் இடிகோலில் ஒரு கோடு. குழல் காலி என்று உறுதியாகத் தெரிந்த நாளில் கோலை அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும், கேப் இல்லை என்று பார்த்துவிட்டு, முகத்தை விலக்கிக் கோலை மெல்ல விடுங்கள். கோடு குழல் வாய்க்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அதைக் குத்திக் குடையாமல் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் சொல்லி எடுக்க வேண்டும்.

சுருக்கமாக: சேஃப்டி பூட்டல்ல. மேகசின் போனாலும் சேம்பர் இருக்கிறது. கேப் போனாலும் மருந்து இருக்கிறது. கண்ணும் விரலும் இரண்டும் பார்த்த பிறகே துப்பாக்கி காலி.

## தீக்குச்சியும் பெட்டியும்

சிவகாசித் தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பற்றுவதற்கு வேண்டிய சரக்கு முழுவதும் குச்சியிலேயே இருந்த காலத்தில் எங்கு உரசினாலும் பற்றியது, சட்டைப் பையிலேயே பற்றியது. பிறகு பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் பூசினார்கள். குச்சி தனியே சாது, பெட்டி தனியே சாது. துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே, தனித்தனிச் சாவியில் வைப்பதன் தத்துவம் இதுவே.

‘தனித்தனி’ என்பதன் முழுப் பொருள் பலருக்கும் நழுவிவிடுகிறது. ஒரே பீரோவின் மேல்தட்டில் துப்பாக்கி, கீழ்த்தட்டில் தோட்டா என்றால் அது ஒரு பூட்டுதான். இரண்டு பெட்டிக்கும் ஒரே சாவிக்கொத்து என்றாலும் அப்படியே. ஒன்று திறந்தால் மற்றொன்று திறக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

இதனால் கிடைப்பது நேரம். திருடனுக்கு எதிராக அது நிமிடக் கணக்கில் உதவும். பிள்ளைகள் விஷயத்தில், ஒரு பூட்டைத் திறக்கும் தற்செயல் நடக்கலாம், இரண்டு தற்செயல்கள் ஒன்றாக நடப்பது அரிது. பிஞ்சு விரலுக்கு விசையை இழுக்க வலு போதாது என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒன்று: வலு போதாத குழந்தை இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்து அழுத்தும். அப்போது துப்பாக்கி திரும்பி, குழலின் வாய் குழந்தையின் பக்கம்தான் இருக்கும்.

நேரம் மிகவும் தேவைப்படும் இடம் இன்னொன்று, வெளிப்படையாகப் பேசத் தயங்குவது. கடன், சண்டை, தேர்வு முடிவு, தீராத நோய் என வீட்டில் ஒருவர் உடைந்து போயிருக்கும் நாட்கள். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கு அலைபோல ஏறி இறங்கும். உச்சத்தில் நிற்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததும் இதே காரணத்தால்தான். அப்படி ஒரு காலம் வந்தால் இரண்டு பூட்டையும் நம்ப வேண்டாம். துப்பாக்கியையே வீட்டை விட்டு வெளியேற்றிக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். உடைந்திருப்பவர் உரிமதாரரே என்றால் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு குடும்பத்துக்கு. பேசுவதற்கு அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது.

## பூட்டுகளில் எது எதற்கு

வீட்டுப் பீரோவின் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றால் கதவின் மூலையை நெம்பிவிடலாம். உள்ளே இருக்கும் லாக்கர் கொஞ்சம் கெட்டி, ஆனால் அதன் நீளத்துக்கு ரிவால்வர்தான் அடங்கும். பிரிட்டனில் துப்பாக்கி அலமாரிக்குக் கேட்கும் தகடு 2 மில்லிமீட்டர். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னாலும் அந்தத் தடிமனைக் கேளுங்கள். கீல் உள்பக்கம் இருக்கட்டும், கதவு மூடியதும் கீல் பக்கத்திலும் ஓர் இரும்புக் கம்பி சட்டத்துக்குள் நுழையட்டும். வெளியே தெரியும் கீலை அறுத்தால் பூட்டு எவ்வளவு பெரிதாயிருந்தும் பயனில்லை.

பெட்டியைச் சுவரோடு பிணைக்காவிட்டால் திருடன் திறக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு போவான். உள்ளிருந்து வெளியே போகும்படி குறைந்தது நான்கு 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட், இரண்டு சுவரில், இரண்டு தரையில். ஹாலோ பிளாக் சுவர் போல்ட்டைப் பிடிக்காது, அங்கே கான்கிரீட் தூணையோ தளத்தையோ தேடுங்கள். அறையின் மூலையில் வைத்தால் கடப்பாரை நுழைக்க இடமிருக்காது. குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச்சாரல் வாங்கும் சுவரும் வேண்டாம்.

விசைப்பூட்டு என்று ஒன்று விற்கிறது, விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தை இரண்டு பக்கமும் கவ்வும் துண்டு. கேபிள் பூட்டு என்பது சேம்பர் வழியாகவோ குழல் வழியாகவோ கம்பியை நுழைத்துப் பூட்டுவது. இரண்டில் கேபிள் எனக்கு உசத்தியாகப் படுகிறது. கம்பி உள்ளே இருக்கும்போது தோட்டா ஏறவே முடியாது, பார்த்தவுடனே காலி என்றும் தெரிகிறது. விசைப்பூட்டைத் தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் மாட்டக் கூடாது. மாட்டும்போதே அதன் நடுக்கம்பி விசையில் படலாம். இவை இரண்டும் அலமாரிக்கு உள்ளே கூடுதல் காவல்தான். தனியாக வைத்தால் துப்பாக்கியோடு சேர்த்தே திருடு போகும்.

நீளத் துப்பாக்கியில் செலவில்லாத ஒரு வழி உண்டு. .315 ரைஃபிளின் போல்ட்டை, அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் உலோகத் தண்டை, உருவித் தனியே பூட்டுங்கள். இரட்டைக்குழலில் குழலுக்கு அடியில் இடக்கை பிடிக்கும் மரத்துண்டைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். திருடு போனாலும் திருடனிடம் இருப்பது அரைத் துப்பாக்கி.

சாவி விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே சில இடங்கள் இருக்கின்றன: சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள், தலையணை உறையில், காலண்டர் ஆணியில். இவை பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள்தான் நம்புகிறார்கள். பலகார டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கிற கைகள் அவை. சாவி உரிமதாரரின் இடுப்பில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவியை வங்கி லாக்கரில் வைக்கலாம், சாவிக்குத் தடையில்லை. எண் பூட்டு என்றால் கடையிலிருந்து வந்த எண்ணை அன்றே மாற்றுங்கள். பிறந்த தேதி, வண்டி எண் வேண்டாம். ரேகைப் பூட்டு மண்ணில் வேலை செய்து தேய்ந்த விரலையும் ஈர விரலையும் சமயத்தில் அறியாது. பேட்டரியை ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள், தீர்ந்த பின் மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களில் கூடத்துச் சுவரில் கொம்புகளுக்கு நடுவே துப்பாக்கியை மாட்டியிருப்பார்கள். அழகுதான். வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று எழுதி ஒட்டியதற்குச் சமம்.

## தோட்டாவுக்கு எதிரிகள்

வெயில், ஈரம், எண்ணெய், கலப்பு என நான்கு. வெயில் எரிமருந்தைக் கெடுக்கும். தகரக் கூரைப் பரண், சமையலறை, வெயிலில் நிற்கும் கார் மூன்றும் ஆகாது. ஈரம் கேப்பைக் கெடுக்கும், பித்தளையில் பச்சை பூக்கவைக்கும். பழைய காகித உறைத் தோட்டா ஊதிப்போய்ச் சேம்பரில் ஏறாது, ஏறினால் இறங்காது. எண்ணெய் விஷயம் பலருக்குத் தெரியாது. துப்பாக்கியைத் துடைத்த அதே எண்ணெய்க் கையோடு தோட்டாவையும் துடைத்து வைப்பார்கள். கேப்பின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து மருந்தை நமுக்கச் செய்துவிடும். தோட்டாவை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

கலப்புதான் ஆளைக் கொல்வது. 12 போர் துப்பாக்கி உள்ள வீட்டில் தாத்தாவின் 20 போர் தோட்டாவும் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 போர் தோட்டா சற்று மெல்லியது. 12 போர் குழலில் போட்டால் சேம்பரைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். போட மறந்தோம் என்று எண்ணி 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்திருக்கும் தோட்டாவில் மோதிக் குழல் பிளக்கும், இடக்கை போகும். இதற்காகவே 20 போர் உறையை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். தோட்டாக்கள் அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும், அளவும் தயாரிப்பு விவரமும் அதில்தான் அச்சாகியிருக்கிறது. உதிரியாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பதை விட்டுவிடுங்கள்.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயமும் அரைகுறையாகவே பேசப்படுகிறது. உதிரித் தோட்டா நெருப்பில் வெடிக்கும். ஆனால் வாயுவை ஒரே திசையில் தள்ள அங்கே குழல் இல்லாததால், உறைதான் கிழிந்து சிதறும், குண்டு துப்பாக்கியில் சுட்ட வேகத்தில் பாயாது. கண்ணையும் தோலையும் கிழிக்க அது போதும் என்பது வேறு. சேம்பரில் இருக்கும் தோட்டா சூடேறினால் கதை மாறுகிறது. குழல் இருக்கிறது, விசையை யாரும் தொடாமலே துப்பாக்கி சுடும். தோட்டா ஏற்றிய துப்பாக்கியைப் பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். நாட்டுத் துப்பாக்கிக்கான கரிமருந்து உதிரித் தோட்டாவுக்கு நேரெதிர். அதை இறுக மூடிய கனமான இரும்புப் பெட்டியில் வைத்தால் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். வந்த டப்பாவிலேயே, பொறியும் விளக்கும் அண்டாத இடத்தில், கேப்புகளிலிருந்து விலக்கி, பூட்டிய மரப்பெட்டியில் வையுங்கள். வீட்டில் தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது எந்த அறையில் தோட்டா இருக்கிறது என்பதுதான்.

## துரு

கடற்கரை மாவட்டங்களில் துப்பாக்கியைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் சொந்த உறைதான். தோலைப் பதனிடும் உப்புகளும் பஞ்சு வைத்த பையும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு சேர்த்தே வைத்திருக்கும். உறை எடுத்துப்போக மட்டும். உள்ளே வைக்கும்போது வெறுமையாக நிற்கட்டும். கைரேகை பட்ட இடத்தில் உப்பு இருக்கும், துடைத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்துப் பாகங்களை ஒட்டவைக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நிறம் மாறியதும் சுமார் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மறுபடி உலர்ந்து உழைக்கும். மழைக்காலத்தில் மாதம் இருமுறை திறந்து பாருங்கள்.

## எண்ணிக்கையும் காகிதமும்

உரிமப் புத்தகத்தில் தோட்டா பற்றி இரண்டு எண்கள் இருக்கும். ஒரே சமயத்தில் வைத்திருக்கக்கூடியது ஒன்று, ஓர் ஆண்டில் வாங்கக்கூடியது மற்றொன்று. குழப்பம் இங்கேதான். ஒரே சமய வரம்பு 50 என்றும், வீட்டில் 35 மீதி என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கணக்கில் இன்னும் 25 வாங்க இடமிருக்கிறதே என்று வாங்கினால் வீட்டில் 60 ஆகிவிடும், உரிமத்துக்கு மேல் 10. வாங்கியது, சுட்டது, மீதி என்று மூன்று கட்டமிட்ட ஒரு நோட்டு இதைத் தடுக்கும். சுட்ட உறைகளையும் சேர்த்து வையுங்கள், கணக்குக் கேட்டால் காட்டலாம்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டு துப்பாக்கி, முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று. திருமணத்திலும் ஊர்வலத்திலும் பிறருக்கு ஆபத்தாகும்படி ஆர்ப்பாட்டமாகச் சுட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் முடிந்த மறுநாள் உங்கள் துப்பாக்கி உரிமமில்லாத் துப்பாக்கி. இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். மாவட்டத்தில் ஆட்சியரிடம், மாநகரத்தில் காவல் ஆணையரிடம். துப்பாக்கியின் எண், படம், உரிமத்தின் நகல் ஆகியவற்றைப் பெட்டிக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். திருடு போனால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க அவைதான் கைகொடுக்கும். “தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்” என்று தள்ளிப்போட்ட நாட்கள் பிறகு உங்கள் மேலேயே கேள்வியாகத் திரும்பும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது நம் மாநிலத்தில் வழக்கம். காலி செய்து, எண்ணெய் பூசி, துருவோ கீறலோ இல்லாததைப் படமெடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணும், தோட்டாவையும் கொடுத்தால் அதன் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிவு வந்து ஒரு வாரம் கழிந்ததும் திரும்பக் கேட்கலாம். திரும்பி வந்ததும் நேரே பெட்டிக்குள் வைக்காமல் சேம்பரைப் பாருங்கள், நீங்கள் காலியாகத்தான் கொடுத்தீர்கள் என்றாலும்.

கடைசியாக, உரிமதாரர் காலமான வீடு. துக்கத்தில் யாரும் அலமாரியை நினைப்பதில்லை. உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. வாரிசுகள் சட்டப்படி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதுவரை துப்பாக்கியும் தோட்டாவும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ இருக்க வேண்டும், ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்வது இது. வீட்டை இடிக்கும்போதோ பரணைத் துப்புரவாக்கும்போதோ பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தால் அது மருந்து இடித்ததாகவே எண்ணுங்கள். சுத்தியல் போன்ற அந்தப் பாகத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், வாயை முகத்துக்கு நேரே திருப்ப வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் அல்லது கொண்டுவரும் முறையைச் சொல்வார்கள். கூடக் கிடக்கும் பழைய தோட்டாக்களைக் கிணற்றிலோ குப்பைத் தொட்டியிலோ போடாமல் எண்ணி எழுதி வைத்து, அவற்றையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.